இரும்புப் பெட்டி இறங்கிய விஜயதசமி

எனக்குத் தலைக்கனம் அதிகம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் அதை மறுத்ததில்லை. அந்தத் தலைக்கனத்தின் எடைகூட எனக்குத் தெரியும். நானூறு கிலோ. அது என் தலையில் ஏறியது ஒரு விஜயதசமி அன்று காலை, மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பாத்திரக்கடை வாசலில். அப்போது எனக்குப் பதினாறு வயது.

அப்பா தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே மைசூருக்கு வந்தவர். கனமான சாமான்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவது அவர் வேலை. மாவு மில் எந்திரம், ஜெனரேட்டர், கருங்கல் பலகை, யாரும் தூக்க முடியாது என்று கைவிட்ட பழைய மர அலமாரி, இப்படி எது வந்தாலும் நாலு பேராகச் சேர்ந்து நகர்த்திவிடுவார்கள். அவர்களிடம் இருந்ததெல்லாம் ஒன்பதடி நீளத்தில் மூன்று பலகைகள், நாலு கடப்பாரைகள், உருட்டுவதற்கு இரும்புக் குழாய்த் துண்டுகள். எல்லாம் எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில்தான் சாத்தியிருக்கும். அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் நான் தினமும் காலேஜுக்குப் போவேன். அவற்றை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

பத்தாவது வரை நான் கன்னட மீடியம். அதில் நல்ல மார்க் வாங்கினேன் என்பதை இங்கே அடக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூற்றொரு சதவீதம். அந்த மிதப்பில் பியூசியில், அதாவது பதினொன்றாம் வகுப்பில், சயின்ஸ் எடுத்தேன். அங்கே எல்லாம் ஆங்கிலம். கன்னடத்தில் கர்ஷணெ என்று படித்தது ஃப்ரிக்ஷன் என்று மாறி வந்து நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. உராய்வு என்ற தமிழ்ச் சொல்லையோ நான் அதற்கெல்லாம் பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அரையாண்டுத் தேர்வில் பிசிக்ஸில் எழுபதுக்குப் பதினொன்று. லெக்சரர் என் தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டார், தசரா லீவு முடிந்ததும் அப்பாவைக் கூட்டி வர வேண்டுமென்று. காமர்ஸுக்கு மாற இன்னும் வழி இருக்கிறது, அதற்குள் முடிவு செய்துவிடுங்கள் என்று வாயாலும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டுச் சொன்னார்.

வீட்டில் இதைக் கேட்டு அதிகம் சந்தோஷப்பட்டவர் மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்துத் தெருவில் இருந்தார். கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் வருகிற எல்லா விண்ணப்பத்தையும் அவர்தான் நிரப்புவார் என்பதால் படிப்பு சம்பந்தமான விஷயங்களில் அவர் சொல்வதே தீர்ப்பு. அவருடைய பையன் காமர்ஸ் முடித்து ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தான். அந்த ஃபேனைப் பற்றி மாமா பேசாத நாள் கிடையாது.

"சும்னே எதுக்கு அம்மிணி மண்டைய ஒடச்சுக்கற? காமர்ஸுக்கு மாறிக்க, நிம்மதியா இரு" என்றார், சும்மாவைக்கூடக் கன்னடத்தில் சொல்லி. அம்மாவும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டாள். அவளுக்கு என் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருப்பதுதான் கவலை.

அப்பா மட்டும் எந்தப் பக்கமும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "தசரா முடியட்டும், பாக்கலாம்" என்றார். என் படிப்பு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கோபம் வந்தது. மாமாவிடம்கூட வராத கோபம்.

கோபம் எனக்கு எப்போதும் நல்லதுதான் செய்திருக்கிறது. லீவு விட்ட முதல் நாளே பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்து, பதினொரு மார்க்குக்குக் காரணமான பாடத்தையே எடுத்தேன். சாய்ந்த பலகையில் ஒரு கட்டை நிற்கும். அது வழுக்குமா, வழுக்காதா, வழுக்கினால் எவ்வளவு வேகத்தில், நிறுத்த எவ்வளவு பலம் வேண்டும், இதே கேள்வியை இருபத்திரண்டு விதமாகக் கேட்டிருந்தார்கள். அந்தக் கட்டைக்கு ஒரு பெயர் கிடையாது, அது எதற்காக அங்கே ஏறி நிற்கிறது என்று யாரும் சொல்வதும் கிடையாது. கூடவே மியூ என்று ஓர் எண். கட்டையும் பலகையும் ஒன்றையொன்று எவ்வளவு விடாமல் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கான அளவு அது. ஒரு கணக்கில் 0.3 என்பார்கள், அடுத்ததில் 0.5 என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. யாரோ வானத்திலிருந்து போடுகிற எண்ணை நம்பி எப்படிக் கணக்குப் போடுவது என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள், துணி காயப்போட வெளியே வந்தபோது அப்பாவின் பலகைகள் கண்ணில் பட்டன.

உள்ளே ஓடிப்போய் அம்மாவின் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தேன். பழைய இரும்புப் பெட்டி, கரி போடுகிறது. பலகையைத் தரையில் கிடத்தி, அதன்மேல் பெட்டியை வைத்து, ஒரு முனையை மெல்லத் தூக்கினேன். ஓரடி. நகரவில்லை. இரண்டடி. நகரவில்லை. மூன்றடியைத் தாண்டி இன்னும் எட்டங்குலம் போனதும் பெட்டி ஒரு முறை தயங்கி, பிறகு சறுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த உயரத்தை, சாய்ந்த பலகைக்கு நேர் கீழே தரையில் விழுகிற நீளத்தால் வகுத்தால் 0.45. அவ்வளவுதான் மியூ. வானத்திலிருந்து எதுவும் வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்தது.

பெட்டிக்குள் கருங்கல் ஜல்லியை நிரப்பி, எடையை இரண்டு மடங்காக்கி மறுபடி தூக்கிப் பார்த்தேன். அதே மூன்றடி எட்டங்குலத்தில்தான் வழுக்கியது. ஆக, எவ்வளவு கனமாக இருந்தாலும் இரும்பு இரும்புதான், பலகை பலகைதான், சரிவு மட்டும்தான் பேசுகிறது. இதைப் புத்தகமும் சொல்லியிருந்தது. ஆனால் புத்தகம் சொன்னபோது நான் நம்பவில்லை.

அதன்பிறகு மூன்று நாள் வீட்டில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி இல்லை. மாமாவின் செருப்பு, அம்மிக் குழவி, சோப்பு டப்பா, சாம்பார்ப் பொடி டப்பா எல்லாமே பலகையில் ஏறி இறங்கின. அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கசங்கிய புடவையோடேயே கோயிலுக்குப் போனாள். இருபத்திரண்டு கணக்கில் இருபதைப் போட்டு முடித்தேன். மிச்சம் இரண்டும் இரண்டு கட்டைகளைக் கட்டி இழுக்கிற கணக்கு. அவற்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்று கடப்பாரைக்கும் குழாய்க்கும் குளியல் நடக்கும். கழுவித் துடைத்து, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சுவரோரம் வரிசையாக நிறுத்திப் படையல் போடுவோம். மாமாவின் கூட்ஸ் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அந்த வருடம் கழுவித் துடைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா கிண்ணத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுத்தாள். இரும்புச் சாமானுக்கு மட்டும்தான் எண்ணெய் வைப்பது வழக்கம். எனக்கோ அந்த மூன்று பலகைகளின் மேல் அப்படி ஒரு பாசம் வந்துவிட்டிருந்தது. பதினொரு மார்க்கிலிருந்து என்னைத் தூக்கிவிட்டவை அல்லவா. அவற்றுக்கும் தாராளமாக எண்ணெய் தடவினேன், துணியில் நனைத்து மேலும் கீழுமாக, பளபளவென்று ஆகும் வரை. நடுப்பலகையின் மேல் பிசிக்ஸ் புத்தகத்தை வைத்துக் குங்குமம் இட்டேன். அப்பா வந்து பார்த்து, "என்ன கண்ணு, பலகைக்கெல்லாம் கல்யாணக் களை வந்திருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலைதான் பாத்திரக்கடைக்காரரிடமிருந்து ஆள் வந்தது. அக்ரஹாரத்தில் அவருடைய பழைய கடைக்கு எதிரிலேயே புதுக் கடை திறக்கிறார். விஜயதசமி அன்று காலை பத்தரைக்குள் நல்ல நேரம். அதற்குள் பணப்பெட்டி புதுக் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பெட்டி என்றால் அவருடைய தாத்தா காலத்து இரும்புப் பெட்டி, நானூறு கிலோ. பழைய கடையின் தரை தெருவிலிருந்து மூன்றடி உயரம். பலகை போட்டுத் தெருவுக்கு இறக்கி, குழாய்மேல் உருட்டி எதிர்ப்பக்கம் கொண்டுபோக வேண்டும். நாலு பேர் வேலை. அப்பாவின் ஆட்களில் ஒருவர் தசராவுக்கு ஊருக்குப் போய்விட்டார்.

"மூணு பேருதான் இருக்கோம்" என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல்.

நான் விடுவேனா. மூன்றடி உயரம், ஒன்பதடிப் பலகை, இரும்பு, மரம், மியூ 0.45. நோட்டை எடுத்து ஐந்து நிமிடத்தில் போட்டு முடித்தேன். பெட்டியைச் சரிவு கீழே இழுக்கிற பலம் நூற்று முப்பத்து மூன்று கிலோ அளவு. பலகை பிடித்து நிறுத்துகிற பலம் நூற்று எழுபது. ஆகவே பெட்டி தானாக வழுக்காது.

"ரெண்டு பேரே போதுங்கப்பா. பெட்டி பலகைல அப்படியே நிக்கும். பின்னாடியிருந்து முப்பத்தேழு கிலோ பலத்துல தள்ளினா எறங்கும். கீழ யாரும் தாங்கிப் பிடிக்கத் தேவையில்ல."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இஸ்திரிப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் ஒண்ணா அம்மிணி?"

ஒன்றுதான் என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கிற மாதிரி இல்லை. அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் நாலாவதோடு நின்றவர். ஆங்கில எழுத்துகளும் கோடுகளுமாக இருந்த அந்தப் பக்கத்தில் அவருக்கு என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மடித்து என்னிடமே கொடுத்தார்.

"சரி. அப்ப நாளைக்கு நீயும் வா."

மறுநாள் மாமாவின் ஆட்டோவில் எல்லாச் சாமானும் ஏறின. மாமா ஆட்டோவைத் தெருவுக்குக் குறுக்காக நிறுத்தி ஸ்கூட்டர்களை மறித்தார். தசரா ஊர்வலம் பார்க்க இடம் பிடிக்கக் காலையிலேயே கிளம்பிய கூட்டம், போகிற போக்கில் நின்று வேடிக்கை பார்த்தது. கடைக்காரர் பட்டு வேட்டியில் இரண்டு கடைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். அப்பாவும், அவரோடு பல வருடமாக வேலை செய்கிற கன்னடக்காரர் ஒருவரும், ஓர் இளைஞனும் பெட்டியைக் குழாய்மேல் உருட்டி வாசல் விளிம்புக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு பலகைகளைப் பக்கம் பக்கமாக இணைத்துத் தெருவுக்குச் சரிவாகப் போட்டார்கள். மூன்றாவது ஓரமாகக் கிடந்தது.

அடுத்து அப்பா ஒரு காரியம் செய்தார். பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதைக் கடைக்குள் இருந்த கல்தூணில் இரண்டரைச் சுற்று சுற்றி, நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. என் கணக்கில் கயிறு கிடையாது. ஊருக்கு முன்னால் என்னை நம்பாமல் விட்டாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி பலகைமேல் ஏறியது. முப்பத்தேழு கிலோ பலத்தில் தள்ளுவதற்காகக் கன்னடக்காரர் கடப்பாரையை அதன் முதுகில் வைத்தார். வைக்கத்தான் செய்தார். பெட்டி சர்ரென்று கிளம்பிவிட்டது. கூட்டம் பின்னால் தெறித்தது, கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாமா ஆட்டோவுக்குள்ளேயே தாவி ஏறிவிட்டார். இரண்டடி வழுக்கியதும் கயிறு விறைத்து, தூணில் முறுக்கி, பெட்டி பலகை நடுவில் நின்றது. கயிற்றின் நுனி அப்பாவின் வலது கையில் இருந்தது.

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்தார். காமர்ஸ் என்று அவர் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

கன்னடக்காரர் தூணருகே வந்து, கயிற்றைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி நின்றார். நெற்றியெல்லாம் சுருங்கியிருந்தது. அவரை அத்தனை சிரமப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"கண்ணு, எங்க தப்பாச்சுன்னு பாரு. சீக்கிரம் பாரு, கை வலிக்குது" என்றார்.

அப்பா கயிற்றோடு நிற்கிறார், அழ நேரமில்லை. பலகைக்கு அருகே குனிந்தேன். வெயில் அதன்மேல் பட்டுக் கண் கூசியது. விரலால் தொட்டேன். வழவழவென்றிருந்தது.

"எண்ணெய்ங்கப்பா. நாந்தான் தடவினேன். கணக்கு சரிதான், மியூ மாறிப்போச்சு."

தெருவில் இருந்து மாமா கத்தினார். "மச்சான், கயித்த மெதுவா விட்டுப் பாருங்க. பத்தேகால் ஆச்சு."

"எத்தன கனம் இழுக்குதுன்னு தெரியாம எப்படி மாப்ள விடறது? புள்ள சொல்லட்டும்" என்றார் அப்பா. மாமா மறுபடி ஸ்கூட்டர்களை மறிக்கப் போய்விட்டார். அப்பா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்குள் ஓடினேன். ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லையும், டேப்பையும், விலை எழுதுகிற சாக்பீஸையும் எடுத்து வந்தேன். ஓரமாகக் கிடந்த மூன்றாவது பலகையும் எண்ணெய் குடித்ததுதான். அதன்மேல் எடைக்கல்லை வைத்து, இளைஞனை ஒரு முனையைத் தூக்கச் சொன்னேன். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று அதட்டவும் செய்தேன். ஒன்றே முக்கால் அடியிலேயே கல் கிளம்பிவிட்டது. மியூ 0.2. கடைக்காரரின் வழவழப்பான கல்தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து எழுதினேன். சரிவு இழுப்பது அதே நூற்று முப்பத்து மூன்று. எண்ணெய்ப் பலகை பிடித்து நிறுத்துவது எழுபத்தைந்துதான். மிச்சம் ஐம்பத்தெட்டு. தப்பிருக்கக் கூடாதே என்று இன்னொரு முறை போட்டேன். கடைக்காரர் என் தலைக்கு மேல் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். எழுந்து நின்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஐம்பத்தெட்டு கிலோங்கப்பா. ரெண்டு பேர் கயித்துல நின்னா போதும். ஒரு ஜாண், ஒரு ஜாணா விடுங்க. கீழ யாரும் நிக்கக் கூடாது."

"கேட்டீங்கல்ல" என்றார் அப்பா தன் ஆட்களிடம். "ஐம்பத்தெட்டு."

கன்னடக்காரர் வந்து அவருக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் ஜாண் ஜாணாகச் சொல்லச் சொல்ல இருவரும் விட்டார்கள். நானூறு கிலோ இரும்பு என் சொல் கேட்டு இறங்கி வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் தெருவில் உட்கார்ந்தது. அதன்பிறகு குழாய், உருட்டல், எதிர்க்கடை. பத்தரைக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பெட்டி புதுக் கடையில் சந்தனப் பொட்டோடு நின்றது. கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். இனி எத்தனை பட்டம் வாங்கினாலும் அந்தக் கைதட்டல் மாதிரி வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. வரவும் இல்லை.

கடைக்காரர் எனக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார். எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ஃபர்ஸ்ட் பியூசி. சயின்ஸ்."

திரும்பும்போது மாமா என்னை ஆட்டோவில் முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வழியில் தெரிந்தவர் ஒருவரையும் விடாமல் வண்டியை நிறுத்தி, பெட்டி வழுக்கிய கதையைச் சொன்னார். அவர் ஆட்டோவுக்குள் தாவிய இடம் மட்டும் அதில் வரவில்லை. அன்று சாயங்காலம் ஊர்வலம் பார்க்கப் போனபோதும் அப்பா வலது கையை மார்போடு மடக்கி வைத்துக்கொண்டே நடந்தார். ராத்திரி சாப்பாட்டைக்கூட அம்மாதான் பிசைந்து கொடுத்தாள். நான் ஐம்பத்தெட்டு கிலோவை நினைத்து உள்ளுக்குள் உருகினேன். இன்னும் வேகமாகக் கணக்குப் போட்டிருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

லீவு முடிந்து அப்பா காலேஜுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. லெக்சரர் என் பதினொரு மார்க்கைக் காட்டி, காமர்ஸ் விண்ணப்பத்தையும் எடுத்து மேஜையில் வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. தனக்குத் தெரிந்த கன்னடத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: இவள் ஃபெயில் ஆனால் ஆகட்டும் சார், மாற்ற வேண்டாம், இவள் போட்ட கணக்கை நம்பி நான் நானூறு கிலோ இறக்கியிருக்கிறேன். லெக்சரர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என்ன கணக்கு என்று கேட்டார். போர்டில் போட்டுக் காட்டினேன், எண்ணெயோடும் எண்ணெய் இல்லாமலும். அவர் விண்ணப்பத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். மாமாவும் அதன்பிறகு காமர்ஸ் பேச்சை எடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் எழுபதுக்கு ஐம்பத்திரண்டு வாங்கினேன். கட்டையைக் கட்டி இழுக்கிற கணக்கு ஒன்று கேட்டிருந்தார்கள், அதையும் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, இன்ஜினியரிங் முதலாண்டில் ஒரு மத்தியான வகுப்பு. தூணில் சுற்றிய கயிறு பற்றிய பாடம். தூணில் கயிறு எத்தனை சுற்று போகிறதோ, அதற்கேற்ப உராய்வு மடங்கு மடங்காகப் பெருகும், சுமை எவ்வளவு இருந்தாலும் மறுமுனையில் பிடிக்கிறவருக்கு அதில் கொஞ்சம்தான் வந்து சேரும் என்று சொல்லி, சூத்திரத்தைப் போர்டில் எழுதினார்கள். எனக்கு உடனே அந்தக் கல்தூண் ஞாபகம் வந்தது. சும்மா ஓர் ஆசைக்கு நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டரைச் சுற்று. கயிற்றுக்கும் கல்லுக்கும் மியூ 0.3. சுமை ஐம்பத்தெட்டு கிலோ.

விடை அரைக் கிலோ.

எங்கோ தப்பு என்று அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் அரைக் கிலோதான் வந்தது. அப்பாவின் கையில் அன்று இருந்தது அரைக் கிலோ தக்காளிப் பையின் கனம். இரண்டு விரலால் பிடித்திருக்கலாம். எண்ணெய்ப் பலகையில் பெட்டியை அவர் ஒருவரே ஒரு கையால் விட்டு விட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்கியிருப்பார். வாழ்நாள் முழுக்க அதைத்தானே செய்துகொண்டிருந்தார். கன்னடக்காரர் கை நீட்டியபோது ஏன் கொடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. வாங்கியிருந்தால் அவர் உடனே பெட்டியை இறக்கி முடித்திருப்பார். அத்தனை பேர் பார்க்க, முக்கியமாக மாமா பார்க்க, அப்பா பத்து நிமிடம் அரைக் கிலோவைப் பிடித்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கி நின்றிருக்கிறார். வகுப்பில் எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவள் என்ன என்று கேட்டாள். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்து குழாய்த் துண்டுகளின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த விஜயதசமி அன்று கயிறு நிஜமாகவே அவ்வளவு கனமாக இருந்ததா என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அத ஏன் கேக்கற கண்ணு. கையே அந்து போச்சு."

நோட்டு என் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. நான் அன்று சொன்ன ஐம்பத்தெட்டு சரியான விடை, அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு, யாருக்காகவும் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தசரா முடியட்டும் என்று அவர் சொன்ன அன்றே அவர் மனதில் எல்லாம் முடிவாகியிருந்தது என்பதும், என்னை சயின்ஸிலிருந்து யாரும் இறக்கிவிடாமல் பிடித்துக்கொண்டுதான் அவர் அங்கே அத்தனை நேரம் நின்றார் என்பதும், சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது தெரியாது.